தொட்டில் போட்ட அறை

புதுச்சேரிக் கடற்கரையில் எப்போதோ ஒரு பிரெஞ்சு வியாபாரி கட்டிய மாளிகை அது; இப்போது பெரிய ஓட்டல். மொழிபெயர்ப்பு நாவல்களில் வரும் கடல் பார்த்த ஜன்னல்கள் என்றால் எனக்குப் பைத்தியம். அதனால் நான் மாசமாக இருந்தபோதே என் கணவர் கார்முகில் போன் செய்து அறை எடுத்துவிட்டார். "கைக்கொழந்தையோட வருவோம், தொட்டில் ஒண்ணு போட்டு வைங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

குழந்தை இரண்டு நாள்தான் இருந்தாள். அதன்பின் அவர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விருத்தாசலத்தில் அவர் வேலை பார்க்கும் பீங்கான் சூளையில், உள்ளே சூடு ஆறும்வரை கதவைத் திறக்க மாட்டார்கள். நானும் கேட்காமல் இருந்தேன். இங்கே வந்தாலாவது பேசுவார் என்றுதான் பஸ் ஏறினேன்.

அறைக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். உயரமான கூரை, பச்சை மர ஜன்னல், அதற்கப்பால் கடல். ஜன்னலடியில், வெள்ளை வலை மூடிய மரத்தொட்டில். வேண்டாம் என்று போன் செய்ய எங்கள் இருவராலும் முடிந்திருக்கவில்லை. மறந்திருப்பார்கள் என்று நினைத்தோம்.

டீ கொண்டுவந்த பெண்ணின் சட்டையில் அருள்ஜோதி என்று பெயர் இருந்தது. "பாப்பா எங்கக்கா?" என்றாள்.

"அம்மா வூட்டுல வுட்டுட்டு வந்திருக்கோம்." எப்படியோ என் வாயில் வந்துவிட்டது.

"பச்சப் புள்ளயவா? நல்ல அம்மா போங்க!" என்று சிரித்தாள்.

கார்முகில் காலிக் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் செய்வதுதான். எந்த ஊர்ச் சரக்கு என்று பார்ப்போம். ஆனால் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேரு என்னக்கா வெச்சிருக்கீங்க?"

பெயர் வைக்கும் நாள் வரைக்கும் அவள் இருக்கவில்லை.

"பூர்ணிமா" என்றார் கார்முகில்.

"சூப்பர் பேருண்ணா! அடுத்த தடவ தூக்கிட்டு வாங்க. அப்ப இந்தத் தொட்டில எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்மா" என்றார்.

அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

"எப்பங்க வெச்சீங்க?" என்றேன்.

"பொறந்த அன்னிக்கே. கண்ணாடி வழியா பாத்தேன்ல, அப்ப. நீ எழுந்து நடந்ததும் சொல்லலாம்னு இருந்தேன், சங்கரி."

கோப்பை இன்னும் அவர் கையில் இருந்தது. வாங்கிக் கீழே வைத்தேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

அவரால் முடியவில்லை. தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் "பூர்ணிமா" என்று கூப்பிட்டேன்.