ஒரு வரிசை குறைவு

டெய்லர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டார். கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, தரையில் கிடந்த மூன்று மாதிரிக் கற்களின் மேலும் தாராளமாக ஊற்றினார். பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று குதிகாலைத் திருகிப் பார்த்தார்.

"சார், கல்லு வாங்க வந்தீங்களா, குளிக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

டெய்லருக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தூறல் காலையில், காயப்போட்ட துணியை எடுக்க ஓடிய அவர் மனைவி பின்முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அங்கே பதித்திருந்த டைல்ஸ் அவரே பார்த்துப் பார்த்து வாங்கியது. முகம் பார்த்துப் பவுடர் போடலாம் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது. கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறாள், சமைக்கிறாள், அவர் தைத்த சட்டைகளுக்குப் பித்தான் வைக்கிறாள். பின்கதவை மட்டும் தாண்டவில்லை. கதவுக்கு உள்ளே ஒரு நாற்காலியைப் போட்டு அதிலிருந்து வெளியே பார்ப்பதோடு சரி. டைல்ஸையெல்லாம் பெயர்த்துப் போட்ட பிறகும் அப்படித்தான். 'நீங்க வாங்கினதுதானே' என்று ஒரே ஒரு தடவை திட்டியிருந்தாலாவது அவருக்கு மனசு ஆறியிருக்கும். அவள் திட்டவே இல்லை, அதுதான் அவரை அரித்தது.

"கருப்பு பாலிஷ் எடுங்க சார், பளபளன்னு இருக்கும்."

"பளபளப்ப ஒரு தடவ பாத்தாச்சுங்க. போதும்."

கல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. துணியைப் பற்றித் தெரியும். ஆகவே துணியைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். ஒவ்வொரு பலகையையும் புரட்டி அடிப்பக்கத்தைத் தடவினார், மேல்பக்கம் பொய் சொல்லும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. சில கற்கள் ஓரத்தில் ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தன. சில, ஊற்றிய தண்ணீரை மணல்போல உறிஞ்சிக் கறுத்தன. விரல் மூட்டால் தட்டினால் நல்ல கல் 'ணங்' என்றது, உள்ளே கீறல் விட்டது 'தொப்' என்றது. கடைசியில், உளியால் பிளந்தபடியே விட்ட, சாம்பலில் கொஞ்சம் நீலம் கலந்த ஒரு கல்லின் மேல் ஈரக்காலோடு நின்றார். கால் பிடித்துக்கொண்டது. நகரவே மாட்டேன் என்றது.

"எல்லாம் ஒரே லோடுல வேணும்" என்றார். "உடம்பு ஒரு துணி, கை ஒரு துணின்னு தைக்க முடியாது."

"இந்த நிறத்துல வந்ததே இந்த ஒரு லோடுதான் சார். எத்தன வேணுமோ இப்பவே சொல்லிடுங்க."

அளவு டெய்லரின் சட்டைப் பையில் தயாராக இருந்தது. முந்தின நாள் முற்றத்தை அளக்க, கல் பதிக்க வந்த மேஸ்திரி இரும்பு டேப்பை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. கழுத்தில் தொங்கிய துணி டேப்பைக் காட்டி, "முப்பது வருஷமா ஊருக்கே இதுலதான் அளக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

கல் வந்து இறங்கியது. மேஸ்திரி மணலைக் கெட்டித்து, மதில் பக்கமிருந்து தொடங்கி, ஒரு நாள் முழுக்கக் கற்களைப் பரப்பிக்கொண்டே வந்தார். டெய்லர் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே நின்று ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் கொடுத்தார். சாயங்காலம் கற்கள் தீர்ந்தன. இடம் தீரவில்லை. பின்கதவுப் படிக்கு முன்னால் ஒரு அடி அகலத்துக்கு வெறும் மணல் இளித்தது.

மேஸ்திரி டெய்லரின் கழுத்திலிருந்து டேப்பை உருவி, தன் இரும்பு டேப்போடு சேர்த்துப் பிடித்தார்.

"உங்க டேப்பு இழுபட்டு அடிக்கு அரை அங்குலம் நீண்டு கிடக்கு சார். இருபத்துநாலு அடிய இருபத்துமூணுன்னு காட்டியிருக்கு."

டெய்லர் இரண்டு டேப்பையும் வாங்கித் தானும் ஒரு தடவை சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். முப்பது வருஷமாக ஆளையும் அதே டேப்பில் அளந்தார், துணியையும் அதே டேப்பில் வெட்டினார். பிழைக்குப் பிழை சரியாகிப்போய் யாருக்கும் ஒரு சட்டைகூட இறுகவில்லை, தொளதொளக்கவில்லை. கல்லை வெட்டியவன் மட்டும் வேறு டேப்பில் வெட்டியிருந்தான். இரண்டாவது தடவையும் சொதப்பிவிட்டோம் என்று நினைத்தார். நாற்காலியில் இருந்தவளை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

மேஸ்திரி தூசி போகக் கற்களின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டே, "விடுங்க சார், படிகிட்ட சிமென்ட் பூசி சமாளிச்சுடலாம்" என்றார்.

"எங்க பூசப்போறீங்க?" என்று கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இங்கதான் அக்கா, படிக்கு முன்னாடி."

"நெஞ்சுக்கு நேரா ஒட்டுப் போட்ட சட்டைய எவனாவது போடுவானா? ஏங்க, நீங்களும் பாத்துட்டு சும்மா நிக்கறீங்களே!"

"வேற என்னம்மா பண்றது, கல்லு இல்லையே" என்றார் டெய்லர் தரையைப் பார்த்தபடி.

"எல்லாத்தையும் ஒரு அடி இந்தப் பக்கம் தள்ளுங்க. குறைய மதிலோரமா விடுங்க, மண்ணாவே இருக்கட்டும். செடி வைக்க நான் எத்தன நாளா இடம் கேட்டேன்?"

"மதிலோரம்னா எந்த மதில் அக்கா? பக்கவாட்டுலயா, அந்தக் கடைசிலயா?"

"இதுகூடவா தெரியல? ஒரு வேலையும் உருப்படியா நடக்காது இந்த வீட்ல!"

கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. முணுமுணுத்துக்கொண்டே படியில் இறங்கினாள், மணலைத் தாண்டினாள், ஈரக்கல்லில் வெறுங்காலை வைத்தாள். டெய்லரின் கை தானாக நீண்டு பாதியில் நின்றது. மேஸ்திரி தண்ணீர்க் குழாயை மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். ணங், ணங் என்று தடி ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு போயிற்று. 'தொப்' என்று ஒன்றுகூட ஒலிக்கவில்லை. இருபத்துமூன்று அடியும் நடந்து மதிலடிக்குப் போய், தடியால் நீளமாக ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"இங்க. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும்."

சொல்லிவிட்டுத் திரும்பியவள் பின்கதவைப் பார்த்தாள். அது வெகுதூரத்தில் இருந்தது. தன் காலைப் பார்த்தாள். அப்புறம் டெய்லரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழுதது போதும், அந்த நாற்காலிய எடுத்துட்டு வாங்க" என்றாள். "நான் கொஞ்ச நேரம் இங்க உக்காரணும்."

டெய்லர் உள்ளே ஓடி நாற்காலியைத் தூக்கினார். எட்டு மாதமாக அது நகராமல் நின்ற இடத்தில், நான்கு கால்களின் தடம் வட்ட வட்டமாகத் தரையில் பதிந்திருந்தது. அதைத் தாண்டி, படியைத் தாண்டி, மணலையும் தாண்டி, நாற்காலியை நெஞ்சோடு அணைத்தபடி ஈரக்கல்லின் மேல் நடந்து போனார்.