விறகுக் குவியலின் வண்டுகள்

படாரென்ற சத்தத்தில் தோர்கிலின் கையிலிருந்த காபி தெறித்தது. ரிக்கேயின் வேன்தான். அந்தப் புகைக்குழாயை மாற்றச் சொல்லி மூன்று முறை சொல்லியாகிவிட்டது. வியாழக்கிழமை வர வேண்டியவள் புதன்கிழமையே வந்து நிற்கிறாள்.

அவர் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். குவளைகளில் வண்டுகளைப் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

டென்மார்க்கின் லோலன் தீவில் அந்த மூலையில் பீட்கிழங்கு வயலும் காற்றும்தான். சேர்ந்து உழுத தம்பி கோபன்ஹேகன் போய் ஒன்பது வருடம். அடுத்த வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டார்கள். தபால்காரர்கூடச் சாலையோரப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ஏப்ரலிலிருந்து ரிக்கே மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிறாள். பல பண்ணைகளில் நடக்கும் பல்கலைக்கழகத்து ஆய்வு. பாதி வயலில் தோர்கில் டிராக்டரில் கத்திகளைப் பூட்டிக் களையெடுக்க வேண்டும், மறுபாதியைத் தொடக்கூடாது. இரண்டு பக்கமும் மண்ணில் புதைத்த பிளாஸ்டிக் குவளைகளில் விழும் பூச்சிகளை அவள் எண்ணுவாள்.

களையெடுத்த பக்கம் கிழங்கு நன்றாகப் பருத்திருந்தது. ஆனால் குவளைகளில் ஒன்றிரண்டு பூச்சிதான், இலையடியில் அசுவினிப் பேன் அப்பிக் கிடந்தது. தொடாத பக்கம் சக்கரவர்த்திக் கீரை இடுப்பளவு வளர்ந்து கிழங்கை நெருக்கியது. அசுவினியைத் தின்னும் வண்டுகளோ குவளை நிறைய.

"அடுத்த தடவையும் இப்படியே இருந்தா முடிச்சுக்கலாம். குழப்பமா இருந்தாதான் அறுவடை வரைக்கும் வரணும்" என்று போன முறை சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று காலை தோர்கில் விறகுக் குவியலைப் புரட்டினார். கைக்குச் சிக்கிய வண்டுகளையெல்லாம் கொண்டுபோய்க் களையெடுத்த பக்கத்துக் குவளைகளில் போட்டார்.

"என்ன, ஒரு நாள் முன்னாடியே?"

"நாளைக்கு மழையாம். ஏன், வரக்கூடாதா?"

"முதல்ல காபி குடிங்க."

"வேலை முடியட்டும். உங்க காபியக் குடிச்சா எனக்கு எண்ணிக்கையே ரெண்டு ரெண்டாத் தெரியும்."

அவர் தெர்மாஸையும் இரண்டு கோப்பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். முதல் குவளைக்கு மேல் மழைக்காக நிறுத்தியிருந்த மூடியை எடுத்தாள். இடுக்கியால் ஒரு வண்டைத் தூக்கினாள். விளிம்பில் ஊதா மினுங்கும் பெரிய வண்டு. கால்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

"இது மட்கின மரத்துக்கு அடியில இருக்கறது. உங்க பீட் வயல்ல ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல."

"வழி தவறி வந்திருக்கும்."

"பதினோரு பேரும் ஒண்ணாவா?"

அவள் எழுந்து, அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மரப்பட்டைத் துணுக்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். தோர்கில் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டுகளை அவள் வயலோரப் புல்லில் கொட்டினாள். சில தள்ளாடி நடந்தன. நான்கு அசையவில்லை. குறிப்பேட்டில் அன்றைய பக்கம் முழுவதையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

"ஆராய்ச்சியக் கெடுத்துட்டேனா?"

"இந்த வாரம் போச்சு. மத்ததெல்லாம் தெளிவாத்தான் இருக்கு. அது போதும்."

போதும் என்றால் இனி வரமாட்டாள். அவர் தலையசைத்தார். தெர்மாஸை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கித் திறந்து, இரண்டு கோப்பையிலும் ஊற்றிவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தாள். காற்றில் கீரைச்செடிகள் சாய்ந்து நிமிர்ந்தன.

"நான் திரும்ப வரட்டும்னு இப்படிச் செஞ்சதுல இந்த வருஷம் நீங்க மூணாவது ஆளு, தோர்கில்."