குறை சொல்லாமல் வைத்த கத்தி

எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ‘இன்னிக்கு இன்னா கத்தி’ என்று பெயர். பெயரைப் பார்த்த அன்றே என் மனைவி ஆசிபா, “ஒருநாள் போலீஸ் வந்து எல்லாரையும் அள்ளிக்கினு போவப் போறான், பாரு” என்றாள். நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. பாகூர், வில்லியனூர் பக்கத்தில் மடக்குக் கத்தி இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாத இருபத்தாறு பேர், அவ்வளவுதான். கரும்பு சீவ, கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க ஒரு கத்தி. அன்றைக்குப் பையில் போகிற கத்தியைக் காலை ஏழு மணிக்குள் படம் எடுத்துப் போட வேண்டும். பாகூரில் மோட்டார் பம்ப் சாமான் கடை வைத்திருக்கும் எனக்கு ஒன்பது கத்தி. கிறுக்கு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஏரிக்கரை டீக்கடையில் கூடுவோம். பெஞ்சில் துண்டை விரித்து அவரவர் கத்தியை வைப்போம். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள் இல்லையா, அதனால் ஒருவர் வைப்பார், இன்னொருவர் எடுத்துப் பார்ப்பார். கத்தியை மாற்றிக்கொள்ளும்போது மட்டும் நாங்களாகச் சேர்த்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. வைக்கிறவன் அதன் குறையைச் சொல்லித்தான் வைக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ச்சியோ, பிடியில் கீறலோ, எதுவானாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டபிறகு எடுத்தால் எடுத்ததுதான், அப்புறம் மூச்சு விடக் கூடாது.

செலியமேட்டுத் தணிகைவேல் அண்ணனிடம் ஒரு கத்தி இருந்தது. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்த அலகு, மாட்டுக்கொம்புப் பிடி, திருக்கனூர் சந்தையில் வாங்கியது. முன்கை மயிரை மழித்துக் காட்டுவார். மடக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக நான் இரண்டு வருஷம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவருக்கு என் கத்திமேல் கண். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தா வீட்டிலிருந்து எனக்கு வந்தது அது. மரப்பிடி, மெல்லிய அலகு, பார்க்க அத்தனை அழகு. ஆனால் மரம் நனைந்தால் ஊதிக்கொண்டு அலகைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். போன மழைக்காலத்தில் பைக்கில் நனைந்து வந்து கடையில் பார்சல் கயிறு அறுக்கப் போனேன், திறக்கவே இல்லை. இழுத்த இழுப்பில் கட்டைவிரல் நகம் பாதி போனது. இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகுதான் திறந்தது. துடைத்து எண்ணெய் போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன், ஆளாளுக்கு இதயம் போட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு தணிகைவேல் அண்ணனே இறங்கி வந்தார். “மாலிக், இத்த நீயே வெச்சிக்கடா. அந்தப் பிரெஞ்சுக்காரன எனக்குக் குடு” என்று துண்டில் தன் கத்தியை வைத்தார். “கொம்புல சின்னதா ஒரு வெடிப்பு, வேற ஒண்ணும் இல்ல” என்றார். நான் என்னுடையதை வைத்தேன். குழுவை நடத்துகிற நாகராஜன் வாத்தியார், “கொற இன்னா பாய்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல. சுத்தம்” என்றேன்.

சொல்லியிருந்தால் அவர் எடுத்திருக்க மாட்டார். கரும்பு வேலை போக மிச்ச நேரமெல்லாம் ஏரியில் வலை போடுகிறவர், பாதி நாள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

கத்தி கை மாறி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கார்த்திகை மழையில் ஏரி தளும்பி நின்றது. அடியில் ஒரு கருவேலங்கட்டையில் வலை சிக்கிக்கொண்டதென்று ஒரு சாயங்காலம் தனியாக இறங்கியவர் வீடு திரும்பவில்லை. மறுநாள் காலை தூக்கினார்கள். இரண்டு காலையும் நைலான் வலை பின்னியிருந்தது. வலது கையில் என் கத்தி, மடக்கினது மடக்கினபடியே.

கரையில் நின்ற கூட்டம் அதைத்தான் பார்த்தது. கத்தி கையிலேயே இருந்தும் மனுஷன் வலையை அறுக்கவில்லையே என்றார்கள். முந்தின நாள் காலை அவர் வீட்டில் சண்டை நடந்ததை அக்கம்பக்கம் கேட்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. “சாவணும்னு மனசு வெச்சிதான் போயிருக்கான்.”

நான் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தேன். நகம் அடியோடு கிழிந்திருந்தது. மீன் கடித்திருக்கும் என்றார் பக்கத்தில் நின்றவர். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பேய் என்றால் சிரிப்பீர்கள், நானும் சிரித்தவன்தான். பட்டப்பகலில், கடைக்கு வந்தவரோடு வாஷர் அளவு பேசிக்கொண்டிருக்கும்போது, நகம் இரும்பைச் சுரண்டும். நிற்கும். மறுபடி சுரண்டும். எலி என்று நினைத்து அட்டைப்பெட்டிகளையெல்லாம் புரட்டிப் போட்டேன், ஒன்றும் இல்லை. குளிக்கத் தலையில் தண்ணீர் ஊற்றினால் காதுக்குள்ளேயே கேட்டது. பள்ளிவாசலில் ஒளுச் செய்யத் தொட்டியில் கையை விட்டேன், தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. தொழாமலே வெளியே வந்துவிட்டேன். ஆசிபா எங்கேயோ போய் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தாள். அதைக் குடிக்கும்போதும் கேட்டது.

அவர் பழிவாங்க வந்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அவர் என்னைத் தேடி வரவில்லை. இன்னும் அந்தக் கத்தியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நாற்பது நாள் கழித்து நாகராஜன் வாத்தியார் போன் செய்தார். “பாய், தணிகைவேல் சம்சாரம் ஒங்கள வரச் சொல்லுது. கத்திய ஸ்டேஷன்ல திருப்பிக் குடுத்துட்டாங்களாம்.”

போகாமல் இருக்க என்னென்னவோ சாக்குத் தேடினேன். கடைசியில் ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு செலியமேட்டுக்குப் போனேன். செல்வகுமாரி அண்ணி பாதியாக இளைத்திருந்தார். என்னை உட்காரச் சொல்லி, கத்தியை எடுத்து வந்து என் எதிரில் தரையில் வைத்தார்.

“நீயே தொறந்து பாரு தம்பி. நானும் தொறக்கறேன், எங்க சின்னப் பொண்ணும் தொறக்குது. வெண்ண மாதிரி வருது. அப்புறம் இன்னாத்துக்கு அவரு அறுக்கல?”

நான் கத்தியைத் தொடவில்லை.

“அன்னிக்குக் காலைல கொழம்புல உப்பில்லன்னு தட்டத் தள்ளுனாரு. எனக்குக் கோவம். ‘எங்கனா போய் ஒழி’ன்னுட்டேன். அதான் போய்ட்டாரா? ஊரே அப்படித்தான் பேசுது. எம் மாமியா என் மொகத்தப் பாக்க மாட்டேங்குது. நீ கத்தி தெரிஞ்சவன், நீ சொல்லு.”

அந்த வீட்டில் எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. அது கேட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

“ஒரு பக்கெட்ல தண்ணி குடுங்க அண்ணி” என்றேன்.

கத்தியை மடக்கித் தண்ணீரில் போட்டேன். பக்கெட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மரத்திலிருந்து சின்னச்சின்னக் குமிழிகள் வந்தன, பிறகு அதுவும் நின்றது. எடுத்து ஈரத்தோடு தரையில் வைத்தேன்.

“இப்ப தொறங்க.”

அண்ணி நகத்தை வைத்து இழுத்தார். வரவில்லை. முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நகத்தை வைத்தார், நகம் மடங்கி ரத்தம் வந்தது. கத்தி அசையவில்லை. தன் கட்டைவிரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த விரல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டென்று அடிவயிற்றிலிருந்து குரல் எழுந்தது.

“அறுக்கத்தான் பாத்தியா! வூட்டுக்கு வரத்தான் பாத்தியா, என் ராசா!”

அழுது ஓயட்டும் என்று இருந்தேன். அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது ஆளே மாறியிருந்தார். நாற்பது நாளாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கிவிட்டது போல இருந்தது. என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“தண்ணி பட்டா இப்படி ஆவும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா தம்பி?”

அவர் கண்ணில் சந்தேகம் ஒரு பொட்டுகூட இல்லை. சும்மாதான் கேட்டார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், அல்லா அறிய.

“தெரியாது அண்ணி. இப்பதான் சந்தேகம் வந்துச்சி.”

“ஒனக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு எனக்குத் தெரியும்” என்றார் அவர். “இத்த எடுத்தாந்த அன்னிக்கே கேட்டேன், பழைய கத்தியாச்சே, ஏரிக்குத் தாங்குமான்னு. ‘மாலிக் வெச்ச கத்திடி, ஒரு கொற இருந்தா அவன் வாய் சும்மா இருக்காது’ன்னாரு. ஒன்மேல அம்மாம் நம்பிக்க அவருக்கு.”

பிறகு எழுந்து வாசலுக்குப் போய், எதிர்வீட்டு அமுதத்தையும் கொல்லையிலிருந்த மாமியாரையும் கூவிக் கூப்பிட்டார். மாலிக் தம்பி வந்து உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மாமியார் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று தட்டு வைத்துச் சோறு போட்டார்கள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.