சுயம்புலிங்கத்தின் பலகையில் பூவரசு

பெசன்ட் நகரில் புஷ்ராவின் வீட்டு வாசலில் நின்ற பூவரசு மழைக்காலத்திலேயே பட்டுப்போனது. தூரில் மண் வெந்து வெளுத்திருந்தது; ஆசிட் நெடி மூக்கைத் துளைத்தது. பக்கத்து மாடியில் சுயம்புலிங்கம் புதிதாக நிறுத்தியிருந்த விளம்பரப் பலகையை, சாலையில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் அந்த மரம்தான் மறைத்துக்கொண்டிருந்தது.

அவள் நேரே போய்க் கேட்டாள்.

"மரம் தானா பட்டுப்போச்சு. அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உள்ளே போய்விட்டார். கார்ப்பரேஷனில் புகாரை வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி.

புஷ்ராவுக்கு தி.நகரில் ஸ்ரீனிவாசராகவனின் விளம்பர ஸ்டுடியோவில் வேலை. கம்ப்யூட்டரோடு இணைத்த டேப்லெட்டில் பேனாவால் வரைவாள்; கை மேஜையில் ஓடும், கோடு திரையில் விழும். அது பழகும் வரை அவள் திரும்பத் திரும்ப வரைந்தது பூவரசைத்தான். மஞ்சளாக விரிந்து சாயங்காலத்துக்குள் சிவந்து சுருங்கும் பூ, இலை, இலையில் ஊரும் எறும்பு.

தை மாதம் சுயம்புலிங்கமே ஸ்டுடியோவுக்கு வந்தார். அடுக்குமாடி கட்டுகிற ஒரு கம்பெனி அந்தப் பலகையை வாடகைக்குப் பிடித்திருந்தது. படம் மரமும் பறவையுமாகப் பச்சைப்பசேலென்று இருக்க வேண்டுமாம். புஷ்ராவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அவர் பேசி முடிக்கும்வரை அந்தத் தொங்கு தாடையையும் மூக்கோரத்து மருவையும் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டாள்.

இரண்டு படங்கள் வரைந்தாள். தழைத்த மரத்தில் குயில் உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்து அவர் திருப்தியாகத் தலையாட்டினார். மற்றதில் மொட்டைப் பூவரசு. அதன் தூரில் குனிந்து ஒரு ஆள் கேனைச் சாய்க்கிறான். முகம் சுயம்புலிங்கத்தின் முகம். விழுந்து கிடந்த ஒவ்வொரு இலைக்கும் பேனாவை அழுத்தினாள். அழுத்த அழுத்தக் கோடு தடித்தது. அச்சகத்துக்கு அவள் கொண்டுபோய்க் கொடுத்த டிஸ்கில் இருந்தது இந்தப் படம்தான்.

ஆட்கள் விடிந்ததும் அதை ஏற்றிக் கட்டினார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வெளியே போயிருந்த சுயம்புலிங்கம், யாரோ சொல்லி, காரில் வந்து இறங்கினார். புஷ்ரா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மூஞ்சி சரியா வந்திருக்கா சார்?"

அவர் அவளைப் பார்த்தார். பட்ட மரத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானத்துக்குள் படத்தை இறக்கிவிட்டார்கள். ஆனால் கட்டடக் கம்பெனி வேறு பலகை தேடிப் போனது. தெருப் பிள்ளைகளுக்கு அவர் ஆசிட் மாமா ஆனார்.

ஸ்ரீனிவாசராகவன் கத்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டார்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா சார்?"

இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். அச்சுக்கூலியும் கெட்ட பெயரும் அவர் தலையில்தான் விழுந்தன. அது மட்டும் அவளை உறுத்தியது.

மனசு ஆறிவிட்டதா என்று அம்மா கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. அந்தாளு இந்தத் தெருவுல தலைய தொங்கப்போட்டுக்கினு போறத இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்."

நாற்காலியை இழுத்து வந்து வாசலில், வெயிலில் போட்டு உட்கார்ந்தாள்.