வெதுவெதுப்பான கத்தரிக்காய்

ஏழே வீடுகள் உள்ள கமிசவா மலையூரில், இசோனோவின் கொல்லையில் காய்க்கும் கத்தரிக்காய்களுக்கு மனித உடம்பின் சூடு உண்டு. சந்தேகப்பட்ட செவிலி ஒருத்தி தெர்மாமீட்டரைக் காயில் செருகிப் பார்த்து, முப்பத்தாறரை டிகிரி செல்சியஸ் என்று குறித்துக்கொண்டாள். காய்ச்சல் இல்லை என்றும் சொன்னாள்.

அங்கே மார்ச் மாதத்தில், முழங்கால் அளவு பனி கிடக்கும்போதே கத்தரி விதையை முளைகட்ட வேண்டும். மண்ணில் சூடு இராது. ஆகவே விதைகளை ஈரத்துணியில் முடிந்து, வயிற்றைச் சுற்றிக் கட்டும் கம்பளிப் பட்டைக்குள் செருகிக்கொண்டு நடமாடுவார்கள். இசோனோவின் வீட்டில் அது கணவர் தொமேகிச்சியின் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். அவர் எடுத்துவைத்த விதைகளில் எலி தின்றது போகப் பதினொன்று மீந்தன. ஆகஸ்டில் இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் பண்டிகை. வெள்ளரிக்காய்க் குதிரையில் வருவார்கள். குச்சிக்கால் வைத்த கத்தரிக்காய் மாட்டில் திரும்புவார்கள். தொமேகிச்சி குளிர் தாங்காதவர். அவருடைய முதல் பயணத்துக்கு, அவர் கையால் எடுத்த விதையின் காயே மாடாக வேண்டும் என்று இசோனோ வேண்டிக்கொண்டாள். ஆனால் அவர் போன நாளிலிருந்து அவள் உடம்பு வெந்நீர்த் தொட்டியில்கூடச் சூடேறவில்லை. ஒன்பது நாள் சுமந்தும் ஒரு விதையும் முளைக்கவில்லை.

அடுத்த வீட்டுத் தமியோ முடிச்சைப் பிடுங்கிக்கொண்டாள். "உன் வயிறு ஐஸ் பெட்டியாட்டம் இருக்கு அக்கா. குடு இங்க. ஊர்ல வயித்துக்கா பஞ்சம்?"

வீட்டுக்கு ஒரு நாள் என்று முடிச்சு ஊரைச் சுற்றியது. விறகு வெட்டுபவர் அன்று முழுக்கக் குனியவே இல்லை. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, "உள்ள ஒண்ணு இருக்கு, வெளிய பதினொண்ணு இருந்துட்டுப் போகட்டும்" என்று கட்டிக்கொண்டாள். ஆறாம் நாள் மிஞ்சியது தமியோவின் கணவர் கன்சுகேதான். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒன்பது வருடமாக இசோனோ வீட்டோடு பேசாதவர்.

"அந்த வீட்டு விதையா? என் வயித்துலயா?"

"நான் பொங்கிப் போட்டு வளத்த தொப்பைதானே. ஒரு நாளாச்சும் நல்லதுக்கு உதவட்டும்."

முனகியபடி கட்டிக்கொண்டவர், அன்று வந்த தும்மலைக்கூட அடக்கினார். மறுநாள் காலை பனியில் ஓடிப்போய், ஒன்பது வருடத்தில் முதல் முறையாக இசோனோவின் கதவைத் தட்டினார்.

"மதனி, வயித்துல கூசுது! மொளச்சிருச்சு போல, பாருங்க!"

பதினொன்றும் வெள்ளை வேர் விட்டிருந்தன. கன்சுகேவுக்குச் சுகப்பிரசவம் என்று ஊரார் நல்ல காரியத்துக்கு ஆக்கும் சிவப்புப் பயறுச் சோற்றை ஆக்கி அனுப்பினார்கள்.

ஜூலையில் முதல் காயைத் தொட்ட இசோனோ, யாருடைய கையையோ பிடித்தது போல நின்றுவிட்டாள். தொமேகிச்சி போன பிறகு அவள் விரல்களில் அன்றுதான் சூடு ஏறியது. பண்டிகையன்று கன்சுகே வந்து, வாய்க்காலைப் பற்றி ஒன்றும் பேசாமல், மாட்டுக்கு நான்கு கால்களைச் செதுக்கிக் கொடுத்தார். "அண்ணன் குளிராமப் போவாரு" என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஏழு வீடுகளிலும் அந்த விதைதான். சந்தைக்குப் போகும் காயைக் கூடையில் ஒரு மணி நேரம் ஆறவைத்த பிறகே மூடுகிறார்கள். முதல் உறைபனி விழும் நாட்களில் தபால்காரர் கையுறை போடாமல் வருகிறார். இசோனோவின் கொல்லையில் நின்று, செடியிலிருக்கும் இரண்டு காய்களைச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வீட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போகிறார்.