அக்கா சொல்லி முடிக்காதது

1

இந்தக் கதை எனக்குக் காது வழியாகத்தான் வந்தது. நெஞ்சுநோய் வார்டில் என் கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே ஒரு திரை. அந்தப் பக்கம் ஓர் அக்காவும் தங்கையும். குரல் தெரியும், முகம் தெரியாது. (என் கதைகளில் யாருக்கும் முகமே இல்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. இந்த வயதில் இனி வரையப் பழக முடியாது.)

2

முதல் தொடக்கம்: அக்கா ஒரு தையல்காரி. சிறுவயதிலிருந்தே கடுமையான ஆஸ்துமா. போதாக்குறைக்கு, நுரையீரல் முழுக்கக் காற்றுக் குமிழிகள் கட்டும் அரிய நோய் ஒன்றும் அவளுக்கு...

அடித்துவிட்டேன். மருந்துச்சீட்டு மாதிரி இருக்கிறது. இரண்டாவது:

“தலகாணிய...”

“ஒசத்தி வைக்கவா?”

“எடு. நீ கொஞ்சம் மூடு...”

“ஜன்னலையா?”

“வாய.”

அக்காவின் மூச்சு பாதி வாக்கியம் வரைதான் வரும். மீதியைத் தங்கை முடித்துவைப்பாள். அளவு கொடுக்க வருகிறவர்களிடமும் அப்படித்தான். பல வருஷப் பழக்கம்.

3

அந்தப் பழக்கம்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. தங்கையே நர்ஸிடம் சொல்லி அழுதாள். தையல் மெஷின் முன்னால் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “இது அந்த...” என்றாளாம். “இழுப்புதானே, இந்தா” என்று இவள் இன்ஹேலரை வாயில் வைத்திருக்கிறாள். மறுபடி “இது...” மறுபடி இன்ஹேலர்.

இது அந்த இழுப்பு இல்லை என்றுதான் அக்கா சொல்ல வந்தாள். ஒரு குமிழி உடைந்து, இடப்பக்க நுரையீரல் சுருங்கிக்கொண்டிருந்தது.

(தங்கையைக் கெட்டவளாக்கினால் கதைக்கு வேகம் வரும். முயன்றேன். அந்த அழுகையைக் கேட்டபின் கை வரவில்லை.)

4

விலாவில் குழாய் செருகிய மறுநாள் டாக்டர் வந்தார்.

“ஆபரேஷன் பண்ணி நுரையீரல நெஞ்சோட ஒட்ட வைக்கலாம். ஆனா இவங்க ஆஸ்துமாவுக்கு மயக்க மருந்தே ஆபத்து, எழுந்திரிக்காமலே போகலாம். பண்ணாம விட்டா மறுபடி உடையலாம். அவங்கதான் சொல்லணும்.”

“பண்ணிரு...” தங்கை பாதியில் நிறுத்திக்கொண்டாள். “நீ சொல்லுக்கா.”

“எனக்கு...”

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். எனக்குப் பயமா இருக்கு. எனக்குப் பண்ணிருங்க. எனக்குப் போதும். மூன்றும் அவள் குரலுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. தங்கைக்கும் அன்று இப்படித்தானே பொருந்தியிருக்கும்? மூன்றையும் அடித்துவிட்டேன்.

திரைக்கு அப்பால் ஒரு மூச்சு மட்டும் இழுக்கிறது, நிற்கிறது, மறுபடி இழுக்கிறது. உங்களுக்கும் ஏதோ ஒன்று வாய்வரை வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள். அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.