மாடியறையும் இல்லாத மாப்பிள்ளையும்

இல்லாததை இல்லை என்று எப்படிச் சொல்வது? காலையில் கல்லூரியில் அவள் எடுத்த பாடம் அதுதான். ஆளே இல்லையென்றால் யாரைப் பற்றி 'இல்லை' என்கிறோம்? தர்க்கத்தில் இதற்கு வழியிருந்தது. ஆளை விட்டுவிட்டு அடையாளங்களை மட்டும் எடுத்துக்கொள், இவை அத்தனையும் பொருந்துகிறவர் எவருமில்லை என்று சொல். வேலை முடிந்தது. வகுப்பில் பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். அவளும் விட்டாள்.

மாலையில் வீடு திரும்பினால் வாசலை அடைத்துக்கொண்டு பீங்கான் கமோடுகள். முன்னால் அண்ணனின் குழாய், வாஷ்பேசின் கடை, பின்னால் வீடு, மாடியில் அவளுடைய அறை. அண்ணன் மாடிப்படியை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"சரக்கு வைக்க இடமில்லம்மா. எப்படியும் இந்த வருஷம் மாப்பிள்ளை உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவார்ல? மேல குடோன் போட்டுடலாம்னு இருக்கேன்."

மாப்பிள்ளை உருவான கதை இது. பல வருஷம் முன்பு அண்ணி, "மனசுல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டபோது அவள் விடைத்தாள் திருத்தும் களைப்பில் பதில் சொல்லவில்லை. விலை சொன்ன பிறகு வாய் திறக்காதவர் ஒப்புக்கொண்டார் என்று கொள்ளும் வியாபாரக் குடும்பம் அது. யாரோ ஒரு நாள் மழையில் அவளைக் காரில் இறக்கிவிட்டுப் போக, மாப்பிள்ளைக்குக் கார் வந்தது. ஓய்வுபெறும் சக ஆசிரியருக்கு அவள் கைக்கடிகாரம் வாங்க, அதை மாட்ட ஒரு மணிக்கட்டும் வந்தது. கல்யாணம் தள்ளிப்போவதற்குக் காரணமாக, படுத்த படுக்கையாய் ஒரு தாயாரை அப்பாவே தயார் செய்துகொடுத்தார். அவள் எதற்கும் ஆமாம் என்றதில்லை. இல்லை என்றதுமில்லை. வரன் தொல்லை விட்ட நிம்மதி அப்படி.

இப்போது அறையே போகிறது. அவளுடைய பகுதிநேரச் சம்பளத்துக்கு வெளியே வாடகைக்கு ஒரு மூலைகூடக் கிடைக்காது.

"அண்ணா, அப்படி ஒருத்தர் இல்லை."

டேப் சர்ரென்று உள்ளே சுருண்டது. கடையிலிருந்து அண்ணி ஓடிவந்தாள்.

"ஐயையோ, செத்துட்டாரா?"

"சாகறதுக்கு முதல்ல இருந்திருக்கணும் அண்ணி. கார், வாட்ச், அம்மா, நீங்க சொல்ற இது எல்லாம் பொருந்தற ஆளு உலகத்துலயே கிடையாது."

அண்ணி கணவனைப் பார்த்தாள். "கேட்டீங்களா? காரு கூட அவனோடது இல்லையாம்!"

"நான் அன்னிக்கே நம்பல அவனை."

"நீ பார்த்ததே இல்லையே அண்ணா!"

"பார்த்துதான் தெரியணுமா? இத்தனை வருஷத்துல கடைப்பக்கம் தலை காட்டாதவன் என்ன ஆளு?"

"என்னை யாரும் ஏமாத்தலை."

"இப்பவும் விட்டுக்கொடுக்கறாளா பாருங்க," என்று அண்ணி மூக்கை உறிஞ்சினாள்.

கல்லாவிலிருந்து அப்பா எழுந்து வந்தார். வாங்க வந்தவனையும் விற்க வந்தவனையும் ஒரே குரலில் உட்கார வைப்பவர். இப்போதும் அதே குரல்.

"எல்லாரும் சும்மா இருங்க. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. அவன் ஏமாத்திட்டானா, இல்ல நெசமாவே யாருமில்லையா? ஏமாத்தினான்னா என் பொண்ணுகிட்ட இனி ஒருத்தரும் கல்யாணப் பேச்சு பேசக்கூடாது. மேல ரூம் கடைசி வரைக்கும் உனக்குத்தான். யாருமே இல்லேன்னா அதுவும் நல்லதுதான். டைல்ஸ் கடைக்காரர், சம்சாரம் தவறிப்போனவரு, ரெண்டு தடவை கேட்டுட்டார். நாளைக்கே வரச் சொல்றேன்."

"நல்ல பார்ட்டிப்பா. கடன்ல வாங்கறதே இல்லை," என்றார் அண்ணன்.

தோளில் தொங்கிய பையில் நாளைக்குள் திருத்த வேண்டிய தாள்கள் கனத்தன. அவள் மூவருக்கும் பொதுவாகத் தரையைப் பார்த்தாள். அவள் சொல்லப்போகும் பதிலை வகுப்பில் எவனாவது எழுதியிருந்தால் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டிருப்பாள்.

"ஏமாத்திட்டார்ப்பா."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்ற கமோடுகளை எதிர்க்கடையில் வாடகைக்கு இடம் பிடித்து வைக்கச் சொன்னார். அண்ணி தட்டை எடுத்துவந்து ஒரு வாயாவது சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள். பேரம் முடிந்துவிட்டது.

அவள் படியேறிக் கதவைத் திறந்தாள். கீழே வாடகைக் கடுப்பையும் சேர்த்து அண்ணன் கத்திக்கொண்டிருந்தார். "மானங்கெட்டவன்! உருப்படுவானா? கையில மாட்டட்டும், அப்புறம் இருக்கு அவனுக்கு!"

திட்டு நிற்பதாயில்லை. அவள் பையை இறக்கி வைத்துவிட்டுப் படிக்கட்டின் மேல்படிக்கு வந்தாள். பாவம், அந்த மாப்பிள்ளைக்காகப் பரிந்து பேச உலகத்தில் வேறு யாருமில்லை.

"போதும் அண்ணா, விடு. அவரு அவ்வளவு மோசமில்லை."